மூளை, தண்டுவட ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: கட்டைவிரலைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள்

மூளையையும் தண்டுவடத்தையும் ஆராய்கிற விஞ்ஞானிகளுக்கும், நரம்பியல் மருத்துவர்களுக்கும், இவர்கள் கண்டுபிடித்ததைச் செய்தியாக்கி உலகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நேற்றும் ஒரு வீடியோ வந்தது. தண்டுவடம் அடிபட்ட ஒருவர் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார், மெல்ல ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள், பின்னணியில் பியானோ. அனுப்பியவன் என் கல்லூரி நண்பன். "பார்த்தியாடா, உனக்கும் விடிவுகாலம் வந்தாச்சு" என்று கீழே எழுதியிருந்தான். இப்படி அனுப்புகிறவர்கள் எல்லோருமே என்மேல் பிரியம் உள்ளவர்கள், அதனால் அவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது. கோபம் கொஞ்சம் உங்கள்மேல்தான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் 2014-ல், 24 வயதில், தலையையே விட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் தலைகீழாகக் குதித்து, கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்கிவிட்டது. உங்கள் மொழியில் சொன்னால் சி 6, அதாவது கழுத்தில் ஆறாவது நரம்பு மட்டம். தோள் வேலை செய்யும், முழங்கை மடங்கும், ஆனால் தானாக நீளாது. மணிக்கட்டைத் தூக்கலாம், விரல்கள் அசையாது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், பின்னால் அதுதான் பெரிய விஷயம். என்னைப் போன்றவர்கள் மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமாகவே கொஞ்சம் உள்ளே சுருங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதில் நரம்பின் வேலை எதுவும் இல்லை, தசையை எலும்போடு கட்டும் நாண் இழுபடுவதால் வருகிற சுருக்கம், அவ்வளவுதான். லேசான பிளாஸ்டிக் குவளையை இப்படித் தூக்கலாம். சாவியைத் தூக்கலாம், திருப்ப முடியாது. ஒரு தாளை எடுக்கலாம், யாராவது லேசாக இழுத்தால் வந்துவிடும்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். உங்களைத் திட்டுவதற்காகவே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 12 வருடமாக வீல்சேரில் இருப்பவனுக்குப் படிக்க நேரம் உண்டு, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதுகுத்தண்டுத் தசைநார் நலிவு என்கிற எஸ்.எம்.ஏ. நோயில் நீங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. எஸ்எம்என்1 என்ற ஒரு மரபணு பழுதாகிவிட்டதால் தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, கடுமையான வகையில் பிறந்த குழந்தை மூச்சுக்கருவி இல்லாமல் இரண்டு வயதைத் தாண்டுவதே அபூர்வம். உடம்பிலேயே எஸ்எம்என்2 என்று இன்னொரு மரபணு உபரியாகக் கிடக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் அரைகுறைப் புரதத்தைத்தான் தயாரிக்கும். அந்த அரைகுறையை முழுசாகத் தயாரிக்க வைக்கும் நுசினெர்சென் என்ற மருந்தை முதுகுத்தண்டு நீரில் ஊசியாகச் செலுத்தினீர்கள், 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2019-ல் பழுதான மரபணுவுக்கு மாற்று மரபணுவையே வைரஸில் ஏற்றி அனுப்பும் சிகிச்சை, 2020-ல் வாயில் ஊற்றும் மருந்து. அறிகுறி தலைகாட்டும் முன்பே ஊசி போடத் தொடங்கிய 25 குழந்தைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தீர்கள். 25 பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவருக்கும் நிரந்தர மூச்சுக்கருவி தேவைப்படவில்லை, 23 பேர் தாங்களாகவே நடக்கிறார்கள். இதற்குப் பின்னணி இசையே வேண்டாம், அந்த எண்ணே போதும்.

பக்கவாதமும் அப்படித்தான். 2015-ல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள், தொடை இடுக்கில் குழாயை நுழைத்து மூளையின் பெரிய ரத்தக்குழாயில் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை வெளியே இழுத்துவிடலாம், அதனால் எழுந்து நடமாடுகிறவர்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று நிரூபித்தன. முதலில் ஆறு மணி நேரக் கெடு என்றார்கள், 2018-ல் ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளை தெரிகிறவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட செய்யலாம் என்று ஆனது. இதெல்லாம் வாயால் போட்ட பந்தல் இல்லை, செய்து காட்டியது.

அப்படியென்றால் என்ன குறை?

2016-ல் ஒரு கை அறுவை மருத்துவர் என்னைப் பரிசோதித்தார். முன்கையில் பிரேக்கியோரேடியாலிஸ் என்ற தசை எனக்கு நல்ல பலத்தோடு இருக்கிறது, முழங்கையை மடக்க அது இல்லாவிட்டாலும் வேறு தசைகள் பார்த்துக்கொள்ளும், ஆகவே அதன் நாணைப் பிரித்துக் கட்டைவிரலை மடக்கும் நாணோடு தைத்துவிட்டால் நீ எதையாவது அழுத்திப் பிடிக்கலாம் என்றார். புதுமையான வித்தை ஒன்றும் இல்லை, பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதுதான். நான் வேண்டாம் என்றேன். ஏன் தெரியுமா? கையை வெட்டி மாற்றி வைத்துவிட்டால், நாளைக்கு நீங்கள் தண்டுவடத்தையே சரிசெய்யும் மருந்தோடு வரும்போது என் கை அதற்கு லாயக்கில்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். அப்போது வாரம் ஒரு செய்தியாவது வந்துகொண்டிருந்தது. எலி நடந்தது, குரங்கு நடந்தது. அடுத்தது நான்தானே?

2018-ல் மனிதர்களும் நடந்தார்கள். தண்டுவடத்தின் உறைக்கு மேலே மின்முனைகளைப் பதித்து, தூண்டல் கொடுத்து, அமெரிக்காவில் லூயிவில்லிலும் மேயோ கிளினிக்கிலும், சுவிட்சர்லாந்தில் லோசானிலும் மூன்று குழுக்கள் சில வார இடைவெளிக்குள் அறிவித்தன. அந்தச் சமயம் எனக்கு வந்த வாழ்த்துகளைப் பார்த்தால் ஏதோ எனக்கே கல்யாணம் என்று நினைத்திருப்பீர்கள். மருத்துவர் மறுபடி கேட்டார், நான் மறுபடி வேண்டாம் என்றேன்.

அப்புறம்தான் லூயிவில் குழுவின் கட்டுரையை முழுசாகப் படித்தேன். நான்கு பேருக்குக் கருவி பதித்தார்கள். தரையில் நடந்தது இரண்டு பேர், அதுவும் ஊன்றுகோலோ வாக்கரோ ஆள் துணையோ வைத்து, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும். ஒருவருக்கு அந்த நிலைக்கு வர 85 வாரங்களில் 278 பயிற்சிகள் ஆயின. இன்னொருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பெலும்பு முறிந்தது. இதை எதையும் நீங்கள் மறைக்கவில்லை, கட்டுரையில் வரிக்கு வரி எழுதித்தான் இருந்தீர்கள், அந்த நேர்மைக்குக் கும்பிடு போடுகிறேன். ஆனால் இதில் ஒரு வரிகூட வீடியோவில் இல்லை. வீடியோவைப் பார்ப்பவர் லட்சம் பேர், கட்டுரையைப் படிப்பவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர். எனக்கு விரலே மடங்காது, அது வேறு கதை.

2021-ல் கையைக் காட்டி, செய்யுங்கள் என்றேன். ஐந்து வருடம் வீண். அதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. 2019-ல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர்கள், பிழைத்திருக்கும் நரம்பின் ஒரு கிளையைப் பிரித்துச் செயலிழந்த நரம்போடு இணைத்து, என்னைப் போன்றவர்களின் விரல்களைத் திறந்து மூட வைத்ததாக வெளியிட்டிருந்தார்கள். நாண் மாற்றத்தைவிட இதில் விரல்கள் திறப்பது இயல்பாக இருக்கும். ஆனால் அடிபட்ட ஒரு வருடத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன், நாளாக ஆக வேலை செய்யாத தசை வீணாகிவிடும். எனக்கு அந்தக் கதவு மூடியே பல வருடம் ஆகியிருந்தது. இன்றைக்குப் புதிதாகக் கழுத்தில் அடிபட்டுப் படுத்திருக்கும் எத்தனை பேரிடம், உனக்கு ஒரு வருடக் கெடு இருக்கிறது என்று யாராவது சொல்கிறார்கள்? நடக்கும் வீடியோ மட்டும் படுக்கைக்கே வந்துவிடும்.

அறுவை முடிந்து கட்டைப் பிரித்த அன்று பிசியோதெரபிஸ்ட் என்னிடம், கட்டைவிரலைப் பற்றி யோசிக்காதே, முழங்கையை மடக்குவதாக நினை என்றார். நினைத்தேன். கட்டைவிரல் நகர்ந்தது. ஏழு வருடம் மரக்கட்டை மாதிரி இருந்தது, நான் நினைத்ததற்கு நகர்ந்தது. முழங்கைத் தசைக்குத் தன் வேலை மாறிப்போனது தெரியாது, மூளைதான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் அந்தத் தந்திரம்கூடத் தேவைப்படவில்லை, பிடி என்றால் பிடித்தது. ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு தங்கையிடம் இழு என்றேன். இழுத்தாள், வரவில்லை. இன்னொரு தடவை இழு என்றேன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். பெரிய விஷயம் இதுதான்: எனக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் நுழைத்து மூத்திரத்தை எடுக்க வேண்டும். ஏழு வருடம் அதை அம்மாவும் தங்கையும் செய்தார்கள். தங்கை வேலைக்குப் போனால் மதியம் அம்மா, அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டால் தங்கை விடுப்பு எடுப்பாள். கட்டைவிரல் அழுத்திப் பிடிக்கத் தொடங்கியதும் அந்தக் குழாயை நானே பிடித்தேன். முதல் மாதம் பாதி தடவை நழுவியது, அப்புறம் பழகிவிட்டது. நடக்க முடிந்திருந்தால்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு நிம்மதி வந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

இது என் ஒருவனுடைய விசித்திரமான ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. 2004-ல் அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர், அவரும் தண்டுவடம் அடிபட்டவர், 681 பேரிடம் எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை மாறும் என்று கேட்டு வெளியிட்டார். கழுத்தில் அடிபட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முதலிடம் கொடுத்தது கைக்கு. கால் மட்டும் செயலிழந்தவர்களில் அதிகம் பேர் முதலில் கேட்டது தாம்பத்திய உறவுக்கான திறனை. சிறுநீர், மலம், நெஞ்சு நிமிர்ந்து உட்காரும் பலம் எல்லாம் பட்டியலில் மேலேதான் இருந்தன. இந்த விடை உங்கள் கையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஆனால் கேமரா இன்னமும் காலைத்தான் பார்க்கிறது.

உங்கள் துறையின் வரலாறும் இதையே சொல்கிறது. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் கொஞ்ச காலத்திலேயே செத்தார்கள். கொன்றது முடக்கம் இல்லை, படுக்கைப்புண்ணும் மூத்திரப்பை சீழ்பிடிப்பும். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் என்ன செய்தார்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் போடச் சொன்னார், ராத்திரியிலும். மூத்திரப்பையைச் சுத்தமாகப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கையில் பந்தையும் வில்லையும் கொடுத்து விளையாட வைத்தார், பாராலிம்பிக் அங்கே முளைத்ததுதான். 1972-ல் ஜாக் லாப்பிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர், கதீட்டரை ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்க வேண்டியதில்லை, சுத்தமாகக் கழுவி வேளாவேளைக்கு நோயாளியே போட்டு எடுத்தால் போதும், சிறுநீரகம் பிழைக்கும் என்றார். என்னைப் போன்ற எத்தனை பேரின் உயிரை அந்த யோசனை காப்பாற்றியிருக்கிறது! புரட்டிப் போடுவதையும் குழாய் கழுவுவதையும் யாரும் பியானோ வைத்துப் படம் எடுக்க மாட்டார்கள்தான்.

ஆனால் இந்தச் சாதாரண அறிவே இன்னமும் எல்லா மருத்துவமனைக்கும் போய்ச் சேரவில்லை. ஒருமுறை காய்ச்சலுக்காகச் சேர்த்திருந்தபோது (பெயர் வேண்டாம்) எனக்கு நிரந்தரக் கதீட்டர் போட்டு வைத்திருந்தார்கள். நள்ளிரவில் தலை வெடிக்கிற மாதிரி வலி, முகமெல்லாம் வியர்வை, காதுக்குள் இரைச்சல். எனக்கு ரத்த அழுத்தம் சாதாரணமாகவே 100-ஐத் தாண்டாது, அப்போது 210. இரவுப் பணியில் இருந்த மருத்துவர் தலைவலி மாத்திரை எழுதிவிட்டு, காலை உயர்த்திப் படுக்க வையுங்கள் என்றார். நடுநெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவனுக்கு இப்படி வந்தால் உட்கார வைக்க வேண்டும், கீழே எங்கே என்ன அழுத்துகிறது என்று தேட வேண்டும். மூத்திரப்பை நிரம்பிவிட்டது என்ற சேதி மேலே மூளைக்குப் போகாது, ஆனால் கீழே ரத்தக்குழாய்களை எல்லாம் இறுக்கிவிடும், விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். தங்கைதான் போர்வையை விலக்கிப் பார்த்து, என் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த குழாயை நிமிர்த்தினாள். மூத்திரம் வடிந்து வெளியே தொங்கிய பை நிரம்ப நிரம்ப வலி இறங்கியது, பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தண்டுவடத்தின் மேலே மின்முனை பதிக்கத் தெரிந்த காலத்தில், மடங்கிய குழாயை நிமிர்த்தத் தெரியாமல் ஒருவன் சாகக் கூடாது இல்லையா?

இன்னொன்று. 2024-ல் கைக்கே ஒரு நல்ல செய்தி வந்தது. அறுவை இல்லாமல், கழுத்தின் பின்புறம் தோலின் மேல் ஒட்டும் மின்முனைகள் வழியாகத் தூண்டல் கொடுத்துக்கொண்டே கைப்பயிற்சி செய்வது. 60 பேரில் 72 சதவீதம் பேருக்குக் கையின் பலமும் உபயோகமும் இரண்டும் முன்னேறின. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை என்பது குறைதான், ஆனால் முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் தூண்டலோடு பயிற்சி என்று அதே ஆட்களிடம் வித்தியாசம் பார்த்தார்கள். அந்த வருட டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்துவிட்டது. 2021-ல் லோசான் குழு, தண்டுவடத் தூண்டலை வைத்து, உட்கார்ந்ததும் தலைசுற்றி விழுகிற எங்கள் ரத்த அழுத்தப் பிரச்சினையையே கட்டுப்படுத்தலாம் என்று காட்டியிருந்தது. இந்த இரண்டு செய்தியையும் எனக்கு ஒருவர்கூட அனுப்பவில்லை! நானே தேடிப் படித்துக்கொண்டேன்.

எண்ணைச் சொல்லும் விதத்திலும் ஒரு வார்த்தை. லெகனெமாப் மருந்து அல்சைமரை 27 சதவீதம் மெதுவாக்குகிறது என்று தலைப்பு வந்தது. 18 மதிப்பெண் அளவுகோலில், 18 மாதத்துக்குப் பிறகு, மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அரை மதிப்பெண்ணுக்கும் கொஞ்சம் கீழே. இரண்டும் உண்மைதான். ஆனால் மறதியில் கரைந்துகொண்டிருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டிருக்கிற மகளுக்கு இரண்டாவதையும் சொல்ல வேண்டாமா, மூளை வீங்கலாம், ரத்தம் கசியலாம், அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து? அதேபோல 2023-ல் டோஃபர்சென் வந்தபோது, தசையை இயக்கும் நரம்பணுக்கள் சாகிற ஏ.எல்.எஸ். நோய்க்கு மருந்து என்றார்கள். அது எஸ்ஓடி1 மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு, அதாவது நூறில் இரண்டு பேருக்கு. அந்த இரண்டு பேருக்கு அது பெரிய வரம். மிச்சம் 98 பேரும் நான்காவது பத்தி வரை படித்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

நீங்கள் விட்ட இடைவெளியில்தான் ஸ்டெம்செல் கடைக்காரர்கள் புகுந்தார்கள். பக்கவாதம் வந்த ஒருவர் நாடு நாடாகப் போய் மூன்று நாடுகளில் காசு கொடுத்து ஸ்டெம்செல் ஊசி போட்டுக்கொண்டு, கடைசியில் அவர் தண்டுவடத்தில் வேறு யாருடைய செல்களோ கட்டியாக வளர்ந்திருந்ததை 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். எனக்கும் ஒரு இடத்திலிருந்து தொலைபேசி வந்தது, "வீடியோ பார்த்தீங்களா சார், நாங்களும் அதையேதான் பண்றோம்" என்றார் பேசியவர். அவர் சொன்னது உங்கள் வீடியோவை.

பதித்த கருவிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் கருவியை மூளையில் பதித்துக்கொண்ட ஒரு பெண், நிறுவனத்தில் பணம் தீர்ந்துபோனதால், மனமே இல்லாமல் அதை எடுக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொள்ளக்கூட முயன்றாராம். ஆய்வில் வெற்றி, ஆள் நடுத்தெருவில். எங்கள் தலையிலும் முதுகிலும் எதையாவது பதிக்கும் முன், பத்து வருடம் கழித்து பேட்டரி தீர்ந்தால் யார் வருவார்கள் என்பதைச் சம்மதப் படிவத்தில் பெயரோடு எழுதுங்கள்.

நடக்க வைக்கும் வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, எனக்கும் ஆசை இருக்கிறது. அடுத்த அறிவிப்பில் எத்தனை பேர், எத்தனை மாதம், யார் பிடித்துக்கொண்டார்கள், கருவியை அணைத்தால் என்ன ஆகும் என்பதை முதல் பத்தியில் போடுங்கள். ஆய்வைத் திட்டமிடும் மேசையில் எங்களில் இரண்டு பேரை உட்கார வையுங்கள், முடிந்தபின் நன்றி சொல்வதற்காக இல்லை, எதை அளப்பது என்று முடிவெடுக்கும்போதே. தயவுசெய்து ஒரே ஒரு முறையாவது கேமராவைக் காலிலிருந்து எடுத்து, ஒருவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுவதைக் காட்டுங்கள். என் நண்பன் அதையும் அனுப்புவான், நான் பார்ப்பேன்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் போனில் மணி அடித்துவிட்டது. நான்கு மணி நேரம் ஆகிவிட்டது, போய்க் குழாயைக் கழுவ வேண்டும்.

அன்புடன்,
ஒரு சி 6